கோட்டோர், பெராஸ்ட்: கப்பல் நிற்கும் ஒரே பகலில் இரண்டு பழைய கடற்கரை ஊர்கள் – முழுமையான வழிகாட்டி

இத்தாலி, குரோஷியா, கிரேக்கம் என்று ஏட்ரியாட்டிக் கடலைச் சுற்றிவரும் பல க்ரூஸ் கப்பல்கள் ஒரே ஒரு பகல் மாண்டினீக்ரோவின் கோட்டோரில் நிற்கின்றன. காலை ஏழெட்டு மணிக்கு வந்து மாலை நான்கைந்து மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால், இறங்கவும் ஏறவும் ஆகும் நேரம் போக ஏழு மணி நேரம் கையில் இருக்கும். மலைச்சரிவில் ஏறும் மதில், 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெராஸ்ட், அதன் எதிரே உள்ள மாதா தீவு, கோட்டோரின் பழைய நகர் நான்கையும் அந்த ஏழு மணி நேரத்துக்குள் அவசரமில்லாமல் பார்க்கலாம். அதற்கு வரிசை சரியாக இருக்க வேண்டும்: முதலில் மதில், அடுத்து பெராஸ்ட், கடைசியில் பழைய நகர். கீழே வரும் நேரங்கள் எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கானவை.

இந்த வரிசைக்கு மூன்று காரணங்கள். கோட்டோருக்குக் கிழக்கே மலை செங்குத்தாக எழுகிறது. மதில் ஏறும் சரிவு மேற்கு பார்த்தது. அதனால் காலையில் படிகளில் நிழல் இருக்கும், மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். அடுத்தது சாலை. விரிகுடாவைச் சுற்றி ஓடும் ஒற்றைச் சாலைதான் பெராஸ்டுக்கு வழி. ஜூலை, ஆகஸ்டில் அதில் வண்டிகள் நின்றுவிட்டால் இருபது நிமிடப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். தூரமான இடத்திலிருந்து மதியத்துக்குள் திரும்பிவிட்டால் நெரிசல் உங்களைப் பாதிக்காது. பழைய நகரோ கப்பல்துறைக்கு நேர் எதிரில், சாலையைக் கடந்தால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. அதன் சந்துகளில் மதியத்திலும் நிழல் உண்டு. மிச்சமிருக்கும் நேரம் எவ்வளவானாலும் அங்கே செலவழிக்கலாம்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இறங்கியதும் பழைய நகரில் காபி, பிறகு உச்சி வெயிலில் படியேற்றம், கடைசியில் பெராஸ்டுக்கு ஓட்டம். கப்பலைத் தவறவிடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

கிளம்பும் முன்: விசா, பணம், செருப்பு

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் ஷெங்கன் விசாவின் வகை. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்புதான் ஷெங்கன். இத்தாலியும் கிரேக்கமும் ஷெங்கன் பகுதி. குரோஷியாவும் 2023 ஜனவரி 1 முதல் அதில் சேர்ந்துவிட்டது. மாண்டினீக்ரோ அதில் இல்லை. ஆகவே கோட்டோரில் கப்பல் நிற்கும் நாளில் நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி, மறுநாள் மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா இதற்குப் போதாது. பலமுறை நுழையும் விசா வேண்டும். விண்ணப்பத்திலேயே கப்பலின் முழுப் பயணத்திட்டத்தையும் இணைத்து, பலமுறை நுழைவு கேளுங்கள். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் 30 நாள் வரை தனி விசா இல்லாமல் மாண்டினீக்ரோ அனுமதிக்கிறது. விதிகள் மாறக்கூடியவை, எனவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி வாங்கிவிடுங்கள். ஆவணம் சரியில்லை என்றால் கோட்டோரில் இறங்க விடாமல் செய்வதோடு நிற்க மாட்டார்கள், முதல் துறைமுகத்திலேயே கப்பலில் ஏற்ற மறுப்பார்கள்.

மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் புழங்குவது யூரோதான். பேருந்து, படகு, கழிப்பறை, மதில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் சில்லறை தேவைப்படும். ஆளுக்கு 40 யூரோ, அதில் பாதி ஐந்து பத்துத் தாள்களாகவும் நாணயங்களாகவும் இருக்கட்டும். பணம் எடுக்கும் இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்கு நட்டம்.

ஐரோப்பிய சிம் கார்டு என்றால் மாண்டினீக்ரோ உங்கள் திட்டத்தில் உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லையென்றால் ரோமிங்கை அணைத்துவிட்டு, வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

நேரக் குழப்பம் இன்னொரு பொறி. கிரேக்கம் மாண்டினீக்ரோவைவிட ஒரு மணி நேரம் முன்னே. கிரேக்கத் தீவான கோர்ஃபுவிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலேயே இருக்கலாம். உங்கள் கைப்பேசி தானாக மாறிவிடும். கைப்பேசியில் மூன்று மணி, கப்பலில் நான்கு! கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டிய நேரத்தையும் அதையே பார்த்துக் கணக்கிடுங்கள்.

காலில் பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ அவசியம். கோட்டோரின் தரையெல்லாம் நூற்றாண்டுகளாகக் காலடி பட்டு மெருகேறிய சுண்ணாம்புக்கல். நாலு தூறல் விழுந்தாலே வழுக்கும். மேலே ஓர்யென் மலையிலுள்ள சிற்றூரான சிர்க்விட்சே ஐரோப்பாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதனால் இலையுதிர் காலத்தில் வருபவர்கள் குடையைவிட மழைச்சட்டையை நம்புங்கள். தேவாலயங்களுக்குள் போக, தோளும் முழங்காலும் மூடும் உடை வேண்டும். ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும்.

கோட்டோர் துறைமுகம் கப்பல் வருகை அட்டவணையை வெளியிடுகிறது. அதே நாளில் இன்னொரு பெரிய கப்பல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு கப்பல் நிற்கும் நாளில் பழைய நகரின் சந்துகள் பத்து மணிக்கே நிரம்பிவிடும். காலை மதிலுக்குப் போவதன் அருமை அன்றுதான் தெரியும்.

விடியலில் மேல்தளத்துக்குப் போங்கள்

இந்த நாளின் முதல் காட்சி கப்பல் நிற்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. திறந்த கடலிலிருந்து கோட்டோர் வரை கப்பல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விரிகுடாவுக்குள் ஊர்ந்து வரும். எட்டு மணிக்கு நிற்கும் கப்பல் என்றால் ஆறரைக்குள் மேல்தளத்தில் இருங்கள். காலை உணவை அதற்கு முன்போ, கையில் எடுத்துக்கொண்டோ முடித்துவிடலாம்.

இதை ஃபியோர்டு என்று விளம்பரங்கள் எழுதுகின்றன. பனியாறு குடைந்த பள்ளம் அல்ல இது. ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் கடல் ஏறி நிரம்பியது. கப்பல் ஹெர்ட்செக் நோவியைத் தாண்டி, டிவாட் பக்கத்து அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து, வெரிகே என்னும் நீரிணைக்குள் நுழையும். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 340 மீட்டர்தான். அதற்குச் சற்று முன்னால், கமெனாரிக்கும் லெபெட்டானேக்கும் இடையே வண்டிகளை ஏற்றிப் போகும் படகுகள் கப்பலின் குறுக்கே போய்வரும்.

நீரிணையை விட்டு வெளியே வந்ததும் எதிரே பெராஸ்டும் இரண்டு தீவுகளும் தெரியும். கப்பல் அங்கே வலப்பக்கம் திரும்பும். ஆகவே உள்ளே வரும்போது இடப்பக்கம் நில்லுங்கள்: பெராஸ்டும் தீவுகளும் இடப்பக்கம், அதன் பின் டொப்ரோட்டா கிராமமும் கோட்டோர் மதிலும் அதே பக்கம். மாலை வெளியே போகும்போது வலப்பக்கம். அறை பதிவு செய்யும்போதே பால்கனி எந்தப் பக்கம் என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

இறங்குவது

பழைய நகருக்கு எதிரேயுள்ள துறைமேடையில் கட்டினால் பிரச்சினையே இல்லை, நடந்து இறங்கிவிடலாம். ஆனால் இரண்டாவது கப்பல் பெரும்பாலும் விரிகுடா நடுவே நங்கூரமிட்டு, டெண்டர் படகில் ஆட்களைக் கரைசேர்க்கும். கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களை முதலில் அனுப்புவார்கள். சொந்தமாகச் சுற்றுபவர்கள் டெண்டர் எண் அட்டையை எங்கே, எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று முந்தின இரவே கப்பலில் தரும் தினசரி நிகழ்ச்சித் தாளில் பார்த்துவையுங்கள். அரை மணி முன்னதாகப் போய் வாங்கினால் கரையில் ஒரு மணி நேரம் கூடும். திரும்பும்போதும் கடைசி டெண்டரின் நேரம்தான் உங்கள் கெடு, கப்பல் கிளம்பும் நேரம் அல்ல.

மதில் ஏற்றம்: 8.30 முதல் 10.30 வரை

கோட்டோரைச் சுற்றியும் அதன் பின்னாலுள்ள மலைமீதும் ஓடும் மதிலின் மொத்த நீளம் சுமார் 4.5 கிலோமீட்டர். வெனிஸ் 1420 முதல் 1797 வரை இந்த ஊரை ஆண்டது. இன்று காணும் அரணில் பெரும்பகுதி அந்தக் காலத்து வேலை. 2017-இல் வெனிஸ் குடியரசின் பாதுகாப்பு அரண்கள் என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆறு இடங்களில் இதுவும் ஒன்று. உச்சியில் புனித யோவான் கோட்டை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 260 மீட்டர் உயரம், 1,350 படிகள்.

ஏறும் வழி இரண்டு: ஒன்று வடக்கே ஆற்றுவாசல் பக்கம், இன்னொன்று சாலட் சதுக்கத்தின் பக்கம். சுற்றுலாப் பருவகாலத்தில் டிக்கெட் கூண்டு பொதுவாகக் காலை எட்டு மணிக்குத் திறக்கும். கட்டணம் சமீப ஆண்டுகளில் 15 யூரோ வரை உயர்ந்திருக்கிறது, பணமாகவே வைத்திருங்கள்.

பாதையை நன்றாகப் பாருங்கள். ஓரத்தில் படிகள், நடுவில் சிறு கற்கள் பதித்த சரிவு. சரிவில் ஏறுவது சுலபம் போலத் தெரியும். இறங்கும்போது அந்தக் கற்கள் உருண்டு காலை வாரும். ஏறும்போதும் இறங்கும்போதும் படியிலேயே நடங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வழியில் விற்பார்கள், ஆனால் கீழே உள்ள விலை இராது. கழிப்பறை வேலையைக் கப்பலிலேயே முடித்துவிட்டு வாருங்கள், மேலே வசதி இருக்குமென்று எண்ண வேண்டாம்.

இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஆரோக்கிய மாதா தேவாலயம் வரும். கொள்ளைநோயிலிருந்து தப்பியவர்கள் 1518-இல் எழுப்பியது. செங்கூரைகள், மணிக்கோபுரம், பின்னால் விரிகுடா, அதில் உங்கள் கப்பல் என்று எல்லோரும் பகிரும் அந்தப் படம் இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. முட்டி வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் இங்கிருந்தே திரும்புங்கள். உச்சியில் விரிகுடாவின் வளைவு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், கோட்டையின் இடிபாடுகளைப் பார்க்கலாம். ஆனால் காட்சியின் முக்கால் பங்கு இங்கேயே கிடைத்துவிடும். உச்சிவரை போக மொத்தம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், இறங்க 40 நிமிடம். 9.45-க்குள் உச்சியைத் தொடவில்லையென்றால் இருக்கும் இடத்திலிருந்தே இறங்கிவிடுங்கள். இங்கே தாமதித்தால் அந்த நேரம் பெராஸ்டிலிருந்துதான் போகும்.

படியேற முடியாத பெரியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2023-இல் திறந்த கேபிள் கார் கோட்டோருக்கு அருகே டுப் என்ற இடத்திலிருந்து 11 நிமிடத்தில் லோவ்ச்சென் மலைப்பக்கம் 1,300 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். டாக்ஸியில் போய்த்தான் ஏற வேண்டும். மேகம் மூடிய நாளில் பணம் வீண். மதிலையும் கேபிள் காரையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

பெராஸ்டுக்குப் போக மூன்று வழி

பேருந்து மலிவு. ஓரிரு யூரோவில் ரிசான் பக்கம் போகும் உள்ளூர்ப் பேருந்து பெராஸ்ட் வழியாகப் போகிறது. பழைய நகருக்கு வெளியே பிரதான சாலையில் ஏறலாம். பருவகாலத்தில் சுமார் மணிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமையும் குளிர்காலத்திலும் குறைவு. ‘பெராஸ்ட்?’ என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். எதிர்த்திசையில் புட்வாவுக்குப் போகும் வண்டிகளும் அதே சாலையில் ஓடுகின்றன. பெராஸ்டில் நிறுத்தம் ஊருக்கு மேலே, நெடுஞ்சாலையில் இருக்கிறது. கரைக்குப் படிகளில் இறங்க வேண்டும். திரும்பி வரும்போது அந்தப் படிகளை ஏற வேண்டும் என்பதை முட்டிவலிக்காரர்கள் மறக்க வேண்டாம்.

டாக்ஸி என்றால் ஏறும் முன் மொத்தத் தொகையைப் பேசி முடியுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு இதுவே நல்லது. போகும் வண்டியையே ஒன்றரை மணி நேரம் கழித்து வரச்சொல்லி, திரும்பியபின் பணம் தருவதாகப் பேசினால் திரும்பும் கவலையும் தீர்ந்தது.

வேகப்படகு பழைய நகரின் கடல்வாசலுக்கு எதிரே கரையோரமே கிடைக்கும். சாலை நெரிசல் இல்லை, நேராகத் தீவிலேயே இறக்குவார்கள். குறை என்னவென்றால், குழுப் படகுகள் தீவில் இருபது நிமிடமும் பெராஸ்டில் அரை மணியும்தான் தருகின்றன. ஊரை அனுபவிக்க அது போதாது. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். கூடுதல் நேரம் தர மறுத்தால் அடுத்த படகுக்காரரிடம் போகலாம்.

எங்கள் தேர்வு: போக டாக்ஸி அல்லது பேருந்து, நேரமும் பணமும் இருந்தால் திரும்பப் படகு.

மாதா தீவும் பெராஸ்டும்: 11 முதல் 1.30 வரை

பெராஸ்டில் இறங்கியதும் முதலில் தீவு. மதியம் நெருங்க நெருங்க குழுக்கள் கூடும். கரையில் படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள். போய்வர ஆளுக்கு 5 யூரோ அளவில் தொடங்கும், பருவத்தில் கூடும். பயணம் ஐந்து நிமிடம். எந்தப் படகில் வந்தீர்களோ அதே ஆட்களின் படகில்தான் திரும்ப முடியும், அதனால் படகின் பெயரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தீவுகளில் சைப்ரஸ் மரங்கள் நிற்பது புனித ஜார்ஜ் தீவு. இயற்கையான தீவு, பழைய பெனடிக்ட் சபை மடமும் கல்லறைத் தோட்டமும் அங்கே உள்ளன. பயணிகளுக்கு அனுமதி இல்லை. நீங்கள் போவது நீலக் குவிமாடம் கொண்ட கோஸ்பா ஓட் ஷ்கர்ப்யேலா, பாறை மாதா தீவு. இது மனிதர்கள் எழுப்பிய தீவு. 1452 ஜூலை 22 அன்று ஒரு பாறைத் துண்டின்மேல் மாதா படம் கிடைத்தது என்பது ஊர் நம்பிக்கை. அதிலிருந்து ஊர்க்காரர்கள் கல் கொட்டினார்கள். பழைய கப்பல்களில் கல் நிரப்பி அந்த இடத்தில் மூழ்கடித்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 அந்தி சாயும் வேளையில் படகுகளை வரிசையாகக் கட்டி இழுத்துப்போய், தீவைச் சுற்றிக் கல் போடுகிறார்கள். ஃபஷினாடா என்று அதற்குப் பெயர். உங்கள் கப்பல் அன்று இரவு வரை நிற்குமானால் அதைவிட வாய்ப்பான நாள் கிடையாது.

தேவாலயம் 1632-இல் கட்டப்பட்டு, 1722-இல் விரிவானது. உள்ளே நுழைந்ததும் தலை நிமிர்த்துங்கள்: பெராஸ்ட்காரரான ட்ரிப்போ கொகோல்யா வரைந்த 68 ஓவியங்கள் சுவரையும் கூரையையும் மூடியிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே வெள்ளித் தகடுகள், சுமார் 2,500. புயலிலும் கடற்கொள்ளையிலும் உயிர் தப்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்டு செலுத்தியவை. பலவற்றில் அவரவர் கப்பலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

பக்கத்து அருங்காட்சியகத்துக்குச் சிறு கட்டணம் உண்டு, கட்டாயம் போங்கள். யாசிந்தா குனிச் மியோவிச் என்ற பெண், கடலுக்குப் போன தன் காதலருக்காகக் காத்திருந்த 25 ஆண்டுகளில் தைத்த மாதா படம் அங்கே இருக்கிறது. தங்க, வெள்ளி நூலோடு தன் தலைமுடியையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். குழந்தை தேவதைகளின் முடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தைத்தவரின் கூந்தல் ஆண்டுகளில் நரைத்தது அதில் தெரியும். கும்பல் வந்தால் வழிகாட்டிகள் அந்த இடத்தை அடைத்துக்கொள்வார்கள், இரண்டு நிமிடம் பொறுத்திருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். தீவுக்கு மொத்தம் நாற்பது நிமிடம் தாராளம்.

பெராஸ்ட் ஒற்றைக் கரைத்தெரு ஊர். சமதரை, மெதுவாக நடந்தாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடம். இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை மாளிகைகள் எப்படி வந்தன என்றால், கப்பல்தான் காரணம். வெனிஸ் கொடியின் கீழ் கடலோடிய தலைவர்களின் வீடுகள் அவை. ரஷ்யாவின் பேரரசர் பீட்டர் தன் பிரபுக்களைக் கடல்வித்தை கற்க அனுப்பியது இந்த ஊரின் மார்க்கோ மார்ட்டினோவிச்சிடம்தான், 1697-98 வாக்கில். 1694-இல் கட்டிய புயோவிச் மாளிகையில் இப்போது ஊர் அருங்காட்சியகம். நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் அதை விட்டுவிட்டு புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் 55 மீட்டர் மணிக்கோபுரத்தில் ஏறுங்கள். இரண்டு தீவுகளும் வெரிகே நீரிணையும் ஒரே பார்வையில் விழும். காலையில் உங்கள் கப்பல் எப்படி நுழைந்தது என்பது அங்கிருந்து பார்க்கும்போது தெளிவாகப் புரியும்.

1.30-க்கு ஊரை விட்டுக் கிளம்புங்கள். கப்பலில் ஏற வேண்டிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே பெராஸ்டை விட்டுவிடுவது எங்கள் கறாரான விதி. புட்வா, ஸ்வெட்டி ஸ்டெஃபானையும் சேர்த்து ஒரே நாளில் காட்டுகிறேன் என்று டாக்ஸிக்காரர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொண்டால் பகல் முழுக்க வண்டி கண்ணாடி வழியாகத்தான் ஊர் பார்க்க வேண்டியிருக்கும்.

சாப்பாடு

கரையோர உணவகங்களில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். நேரம் மிச்சம் பிடிக்க, ‘பெக்காரா’ என்று எழுதிய ரொட்டிக் கடையில் சுடச்சுட புரெக் (உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட மாவுப் பண்டம்) வாங்குங்கள். பாலாடைக்கட்டி வைத்தது, கீரை வைத்தது, இறைச்சி வைத்தது மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் ‘பெஸ் மேசா’ (இறைச்சி வேண்டாம்), ‘பெஸ் ரிபே’ (மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள்; இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். உணவகத்தில் பிளிட்வா என்ற கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் சேர்ந்த பதார்த்தம் நம்பலாம். கறுப்பு ரிசோட்டோ என்ற குழைசோற்றின் கறுப்பு கணவாய் மை. ஞெகுஷி என்ற ஊர்ப் பெயரோடு வரும் உலர்த்திய இறைச்சி பன்றி. பெராஸ்டின் பாதாம் கேக் நன்றாக இருக்கும், முட்டை உண்டு.

பழைய நகர்: 2 முதல் 4 வரை

1555-இல் கட்டிய கடல்வாசல் வழியாக நுழைந்தால் ஆயுதச் சதுக்கம். எதிரே 1602-இன் மணிக்கூண்டு. அதன் அடியில் உள்ள கூம்புக் கல் குற்றவாளிகளை நிறுத்தி ஊரார்முன் அவமானப்படுத்திய இடம். அங்கிருந்து தெருப்பெயர் தேடாதீர்கள், சதுக்கங்களின் பெயரைக் கொண்டு நடங்கள். வழி தவறினாலும் ஐந்து நிமிடத்தில் ஏதாவதொரு மதிலில் போய் முட்டுவீர்கள், அதை ஒட்டியே நடந்தால் வாசல் வந்துவிடும்.

புனித திரிஃபன் பேராலயம் 1166-இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1667 நிலநடுக்கத்தில் முகப்புக் கோபுரங்கள் விழுந்து, பிறகு வேறு பாணியில் எழுந்தன. உடம்பு ஒரு காலம், கோபுரம் ஒரு காலம் என்பது வெளியே நின்றாலே தெரியும். உள்ளே மாடியிலுள்ள கருவூலத்தை விடாதீர்கள். 1979 ஏப்ரல் 15 அன்று மீண்டும் பெரும் நிலநடுக்கம். அதே ஆண்டு யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபிடமாகவும் ஆபத்திலுள்ள மரபிடமாகவும் சேர்த்தே பதிந்தது. ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது 2003-இல். நீங்கள் நடக்கும் தெருக்களில் பல அந்த இடைப்பட்ட காலத்தில் கல் கல்லாகத் திருப்பி எழுப்பப்பட்டவை.

1195-இன் புனித லூக்கா தேவாலயம் சிறியது, ஆனால் கோட்டோரில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள். கத்தோலிக்கருக்கு ஒரு பலிபீடம், ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஒன்று என்று இரு சபையும் நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ் வழிபட்டிருக்கின்றன. காலடியில் இருப்பவை ஊராரின் கல்லறைக் கற்கள். கடல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் க்ரகுரினா மாளிகையிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் அரை மணி செலவழிக்கலாம். இந்த ஊர் மாலுமிகளின் பழைய சங்கமான போக்கா கடற்படையின் மரபு 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

மீதி நேரத்தில் தெற்கே குர்டிச் வாசலுக்குப் போங்கள்; மலைக்கு அடியிலிருந்து வரும் ஊற்று நீர் அங்கே மதிலடியில் கடலில் கலக்கிறது. கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

திட்டம் மாறினால்

கப்பல் மதியம்தான் வருகிறது என்றால் மதிலை முதலில் தொடாதீர்கள். நேராக பெராஸ்ட், பிறகு பழைய நகர், வெயில் தணிந்தபின் ஆரோக்கிய மாதா தேவாலயம் வரை மட்டும் ஏற்றம். மழை நாளில் மதிலை முழுவதும் விட்டுவிட்டு அருங்காட்சியகங்களுக்கு நேரத்தைக் கொடுங்கள். ஈரமான அந்தப் படிகளில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து.

கப்பலைத் தவறவிட்டால்: தினசரித் தாளில் உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். காலையிலேயே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் நகலும் விசாப் பக்கத்தின் நகலும் கூடவே இருக்கட்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். சொந்தமாகப் போனவர்கள் தங்கள் செலவில் போக வேண்டும். டிவாட் விமான நிலையம் கோட்டோரிலிருந்து 8 கிலோமீட்டர், தலைநகர் பொட்கோரிட்சா சுமார் 90. அடுத்த துறைமுகம் குரோஷியாவின் டுப்ரோவ்னிக் என்றால் சாலையிலேயே போய்விடலாம்; எல்லைச் சோதனைச் சாவடியில் கோடைகாலத்தில் மணிக்கணக்கில் நிற்க நேரிடும், கையில் அசல் கடவுச்சீட்டும் இருந்தாக வேண்டும். சில கப்பல்கள் பயணிகளின் கடவுச்சீட்டைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ஆள் வரவில்லை என்று தெரிந்தால் பொதுவாக அறைப் பெட்டகத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ எடுத்து முகவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள், அதனால் முதலில் போக வேண்டிய இடம் விமான நிலையம் அல்ல, முகவரின் அலுவலகம்.